புதுக் கணினியிலும் அந்தக் கண்

எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில், நாங்கள் எதைத் தட்டினாலும் சாரின் திரையில் காட்டும் புரோகிராம் எல்லாக் கணினியிலும் ஓடுகிறது.

நேற்று புதிதாக ஒரு கணினி வந்தது. அதில் அந்தப் புரோகிராம் இருக்காது என்று நம்பி, இன்று அப்பாவுக்குத் தெரியாமல் மதுரைக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதினேன்.

சார் அதை வகுப்புக்கே சத்தமாக வாசித்தார்.

"புதுசுன்னா விட்ருவேனா? லேப் லைன்ல மாட்டுனதும் புரோகிராம் அதுவா ஏறிக்கிரும். வீட்ல உனக்குக் கல்யாணம் பேசுறாக, நீ மதுரைக்குக் கெளம்புறியோ? நாளைக்கு உங்கப்பாவுக்குப் போன் போடுறேன்."

கெஞ்சுவதற்கு அவர் மேசைக்குப் போனேன். திரையில் பாதி ஆடிய சீட்டாட்டம்.

அண்ணன் விழிப்பதற்குள் அவன் கணினியில் இதை எழுதுகிறேன். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

அந்தச் சீட்டாட்டத்தை வகுப்புக்குச் சத்தமாக வாசிக்க யார் வருகிறீர்கள்?