மாமா பூட்டிய கறண்ட் விசிறி

மாமாவுக்கு எதையும் இருக்கிறபடி விட்டுவைக்கத் தெரியாது. எங்கள் தண்ணீர்ப் பம்பு, அயல்வீட்டுத் தையல் மெசின், கோயில் ஒலிபெருக்கி என்று முள்ளியவளையில் அவர் கை வைக்காத பொருள் குறைவு. அவற்றில் பாதி முன்னைவிட நன்றாக வேலை செய்தன. மற்றப் பாதியைப் பற்றி அவர் கதைப்பதில்லை. அவர் அம்மாவின் தம்பி. அம்மாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே சகோதரம். கிளிநொச்சியில் ஒரு கராஜில் வேலை செய்துகொண்டு, சனி ஞாயிறுகளில் எங்களோடு வந்து தங்குவார்.

அப்பாவிடம் ஒரு பழைய இங்கிலீசுக் கார் இருந்தது. வயல்வேலை இல்லாத நாட்களில் வாடகைக்கு ஆட்களை ஏற்றி அதை ஹயருக்கு ஓட்டுவார். அந்தக் காருக்கு ஒரே ஒரு வருத்தம்தான். வெயிலில் கொஞ்சத் தூரம் ஓடினால் தண்ணீர் கொதித்துவிடும். மாமாவுக்குப் பளையில் பெண் பேசி முற்றாக்கப் போன அன்று அது ஆனையிறவில் கொதித்து நின்றது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், அத்தனையும் உப்பு. கடைசியில் பெண்வீட்டுக்குக் கொண்டுபோன செவ்விளநீர்க் குலையில் பாதியை வெட்டி ரேடியேற்றருக்குள் ஊற்றினார் அப்பா. மீதிக் குலையைப் பார்த்த பெண்ணின் தகப்பனார், "வழியிலை ஆருக்கும் சுகமில்லாமல் போச்சுதோ?" என்று கேட்டார்.

"ஓம், காருக்கு" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் முகம் கறுத்துப்போய் இருந்தார். கலியாணத்தன்று அந்தக் கார் கொதிக்கக் கூடாது என்று அவர் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

குற்றம் விசிறியில் என்றார் மாமா. பழைய கார்களில் ரேடியேற்றருக்குப் பின்னாலிருக்கும் விசிறியை எஞ்சின்தான் ஒரு பெல்ட்டால் சுழற்றும். எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் சுழலும். அதைக் கழற்றிவிட்டு, பற்றறியில் ஓடுகிற விசிறியைப் பூட்டினால் சூடு ஏறும்போது அது தானாகவே சுழலும், சூடு இறங்கினால் தானாகவே நிற்கும்.

"சும்மா கிடக்கிற சங்கை ஏன் ஊதிக் கெடுக்கிறாய்?" என்றார் அப்பா.

"எங்கை அத்தான் சும்மா கிடக்குது? அது கொதிச்சுக்கொண்டெல்லோ கிடக்குது" என்றார் மாமா.

வவுனியாவில் நொறுங்கிக் கிடந்த ஒரு ஜப்பான் காரிலிருந்து விசிறி வந்தது. கறுத்த பிளாஸ்ரிக் இதழ்களோடு பார்க்க வடிவாகத்தான் இருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் காருக்குக் கறண்ட் விசிறி பூட்டப்போகிறோம் என்று வகுப்பில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்தேன். அது பூட்டினால் கார் பறக்குமா என்று ஒருத்தி கேட்டாள். கிட்டத்தட்ட, என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா வேலையை முடித்துக் காரை வெள்ளோட்டம் கொண்டுபோனார். அம்மா முற்றத்து வேப்பமரத்தடியில் கதிரையில் இருந்து எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு முன்னால் பாயில் இருந்தேன். கார் திரும்பி வந்து நின்றது. மாமா எஞ்சினை நிறுத்தினார். முற்றம் ஓய்ந்து போனது. பிறகு அந்த விசிறி தன்பாட்டில் சுழலத் தொடங்கியது. மெல்லிய, ஒரே சீரான இரைச்சல். எங்கிருந்து வருகிறது என்று சட்டென்று சொல்ல முடியாத சத்தம்.

அம்மா காரைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார். அடுத்த கணம் நான் மண்ணில் குப்புறக் கிடந்தேன். எனக்கு மேலே அம்மா கிடந்தார்.

"அக்கா, பாரணை! எஞ்சின் நிண்டாப்பிறகும் தானா வேலை செய்யுது!" என்று மாமா காரின் அந்தப் பக்கத்திலிருந்து கத்தியது கேட்டது. சுற்றி வந்தவர் எங்களைக் கண்டதும் திரும்பி ஓடினார். பொனற்றைத் திறந்து பற்றறி வயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. அம்மா மெல்ல எழுந்து, என் பாவாடையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"கால் தடக்கிப் போச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார். அன்று முழுக்க வெளியே வரவில்லை.

எனக்கு ஒரே பெருமை. அம்மா விழுந்திருக்கிறார், கீழே நான் இருந்து தாங்கியிருக்கிறேன்.

அடுத்த கிழமை, கலியாணப் பயண ஒழுங்குகளைக் கதைக்கும்போது அம்மா, "நான் பஸ்ஸிலை வாறன்" என்றார். மாப்பிள்ளையின் சகோதரிதான் பெண்ணுக்கான கூறைச்சேலை வைத்த கூறைத்தட்டு ஏந்திப் போக வேண்டும். மாமாவுக்கு அதற்கு அம்மாவை விட்டால் வேறு ஆளில்லை.

"கூறைத்தட்டோடை பஸ்ஸிலையோ?" என்றார் அப்பா.

"ஒரு சுவிற்ச் போட்டுவிடுறன் அக்கா" என்றார் மாமா. "எஞ்சின் நிண்டா ஃபானும் நிண்டிடும். சத்தம் வராது."

"கார் ஓடேக்கை?" என்றார் அம்மா.

மாமா எழும்பிக் காரடிக்குப் போகப் பார்த்தார்.

"அதைக் கழட்டு எண்டு நான் சொல்லேல்லை தம்பி. ஆசைப்பட்டுப் பூட்டினனி, இருக்கட்டும். நான் பஸ்ஸிலை வாறன் எண்டுதான் சொன்னனான்."

ஊர் முழுக்கச் சொல்லிப் பூட்டிய விசிறியை மாமா தன் கையாலேயே கழற்றினார். பழையதைத் துடைத்து, பெல்ட்டை மாட்டி, திரும்பப் பூட்டினார். எனக்கு அழுகை வந்தது. வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பது?

"ஏன் மாமா கழட்டுறீங்கள்?"

"அக்கா விழுந்தவாவெல்லே."

"அம்மா விழுந்ததுக்குக் கார் என்ன செய்தது?"

அவர் என்னைப் பார்த்தார். "காரிலை பிழையில்லைப் பிள்ளை" என்றார். இவ்வளவு கெட்டிக்காரருக்கு இந்தச் சின்ன நியாயம் விளங்கவில்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கலியாணத்தன்று கார் ஒழுங்காகக் கொதித்தது. புதுக்குடியிருப்பு தாண்டி ஒருமுறை, பரந்தனில் ஒருமுறை. தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்றியதை அவ்வழியே பஸ்ஸில் போன சனம் எட்டிப் பார்த்துச் சிரித்தது. முகூர்த்தம் தப்பிவிடுமோ என்று அப்பா மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். காருக்குள் அம்மா மட்டும் மடியில் கூறைத்தட்டை வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல் இருந்தார். தம்பியின் நனைந்த வேட்டியைப் பார்த்து அவரும் சிரித்தார். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

பெண்வீட்டில் எங்கள் காரைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் நான் கதை சொன்னேன். நல்ல விசிறி ஒன்று இருந்தது, அம்மா தடக்கி விழுந்ததால் மாமா அதைக் கழற்றிவிட்டார், ஆனால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நான்தான் தாங்கிக்கொண்டேன். பெண்ணின் பெரியம்மா அம்மாவிடம், "மெய்யோ?" என்று கேட்டார்.

"ஓம். இவள் இருந்தபடியால்தான் நான் தப்பினனான்" என்றார் அம்மா.

பல வருடங்கள் அந்தக் கதையை அப்படியே சொல்லித் திரிந்தேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களைப் பற்றிப் பெரியவர்கள் என் முன்னாலும் கதைக்கத் தொடங்கியபோதுதான், நாங்கள் பதுங்கியிருந்த பங்கருக்கு மேலே நாள் முழுக்க இரைந்துகொண்டு சுற்றிய ஆளில்லா விமானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அந்த இரைச்சலுக்குப் பின்னால் ஷெல் வரும் என்றார்கள். அப்போது நான் கைப்பிள்ளைப் பருவம் விட்டு நடக்கத் தொடங்கியிருந்த வயது. எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அம்மாவின் உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது.

கதிரையில் இருந்தவருக்குக் கால் எப்படித் தடக்கும் என்று எட்டு வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தடக்கி விழுகிறவரின் கைகள் முதலில் நிலத்தைத்தான் தேடும் என்பதும் தெரியவில்லை. அம்மாவின் ஒரு கை என் நெற்றிக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்தது. மற்றக் கை என் காதைப் பொத்தியிருந்தது.