அக்காவின் போனும் ஒரு ஸ்பிரிங்கும்

அந்தக் கறுப்பு போனைக் காதருகே கொண்டுபோனாலே எறா வாடை, அதாவது இறால் வாடை, அடிக்கும்... பழவேற்காட்டில் நைனா, என் அப்பா, எறா வாங்கி விற்ற டிப்போவின் போன். எல்லாரும் ஈரக்கையோடுதான் எடுப்பார்கள்.

அதே லைனில் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்கும் ஒரு போன். டிப்போ சுவரில் சின்னப் பெட்டி, அதில் ஒரு பிடி. மேலே தள்ளினால் வீடு, கீழே தள்ளினால் டிப்போ. நடுவில் நின்றால் இரண்டிலும் ஒரே பேச்சு கேட்கும். அவசரத்தில் பாதி தள்ளிவிட்டுப் போவார்கள்...

எண்பதுகளின் தொடக்கம். பாலிடெக்னிக் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். காட்டூரில் கட்டிக்கொடுத்த அக்கா, பொன்னேரிக்கு வந்து போஸ்ட் ஆபீஸிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அவரு குடிச்சிட்டு அடிக்கிறாரு மா. என்னை வந்து இட்டுக்கினு போங்க."

பிடி நடுவில் நின்றிருக்கிறது. டிப்போவில் ரிசீவரை எடுத்த ஒரு வியாபாரி வைக்காமல் முழுக்கக் கேட்டுவிட்டார். நைனா போய்ச் சேருவதற்குள் பேச்சு காட்டூருக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் அவரை வாசலிலேயே மறித்தார்கள். அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து, "நான் நல்லாதான் கீறேன் நைனா, நீ போ" என்றாளாம்.

"பிடியை ஒழுங்கா தள்ளணும்னு ஒரு போர்டு எழுதி மாட்டுடா" என்றார் நைனா.

"ஈரக்கையோட ஓடியாறவன் போர்டையா படிப்பான்?" என்றாள் அம்மா.

நான் பெட்டியைத் திறந்து ஒரு ஸ்பிரிங் மாட்டினேன். டெலிபோன் இலாகாவுக்குத் தெரிந்திருந்தால் தோலை உரித்திருப்பார்கள்! கையை எடுத்தால் பிடி தானாக வீட்டுப் பக்கம் ஏறிவிடும். டிப்போவில் பேச வேண்டுமானால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பேச வேண்டும். வியாபாரிகள் திட்டினார்கள். நைனாவும்தான்.

இனி டிப்போவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதென்று அக்காவுக்குச் சொல்லியனுப்பினோம். வெகுநாள் கழித்து வீட்டு போன் மணி அடித்தது.

"யாராச்சும் கேக்கறாங்களா மா?"

"யாரும் இல்ல. சொல்லு கண்ணு."

இந்தத் தடவை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

பிறகு கம்ப்யூட்டர் பக்கம் போய், மற்ற புரோகிராமர்கள் நெட்வொர்க்கில் இணையப் பயன்படுத்தும் லைப்ரரிகளை, அதாவது தயார் புரோகிராம் தொகுப்புகளை, எழுதினேன். எதையும் குறிப்பிடாமல் சும்மா கூப்பிட்டால் யாரும் ஒட்டுக்கேட்க முடியாத பாதுகாப்பான இணைப்புதான் கிடைக்கும். பாதுகாப்பு வேண்டாமென்றால் அதை வேண்டுமென்றே நீளமாக எழுதியாக வேண்டும். "டாக்குமென்டேஷன்ல எச்சரிக்கை போட்டா போதாதா சார்?" என்று டீம் பசங்க கேட்பார்கள். எனக்கு அம்மா கேட்ட அந்தப் போர்டு கேள்வி ஞாபகம் வரும்.

இப்போது அக்காவிடம் சொந்தமாக ஒரு செல்போன் இருக்கிறது. பேசுவதெல்லாம் முட்டுவலியும் மீன் விலையும்தான்... ஆனாலும் எடுத்தவுடன் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

"தம்பி... வேற யாராச்சும் கேக்கறாங்களா?"