ஊற்றுமேட்டுத் தீ

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்து கோணலாக வரும், நடந்தது முன்னே பின்னே மாறியும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் மூங்கில் பீலி மறக்கவில்லை. மேட்டு ஊற்றுத் தண்ணீர் அதன் வழியாகத்தான் கொட்டும். இருபது எண்ணுவதற்குள் குடம் நிறையும். ஒரு கோடையில் அது சுண்டுவிரல் கனத்துக்குச் சுருங்கிவிட்டது.

அக்கரப்பத்தனைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். ஊற்றுக்கு மேலிருந்த காட்டை வெட்டிவிட்டார்கள், மிச்சத்தை வருஷா வருஷம் தீ தின்றது. மாடு வைத்திருந்தவர்கள் மாசி வெயிலில் மானாப்புல்லைக் கொளுத்துவார்கள், மழைக்கு இளம்புல் வரும் என்று. அதைத் தடுக்கத் தோட்டத்தை நடத்திய துரை ஒருவரைக் காவலுக்குப் போட்டார். காவல்கார மாமா என்போம். அவர் காட்டுக் கன்றுகளை வேர்மண்ணோடு பெயர்த்து வந்து ஊற்றைச் சுற்றி நட்டார். அதற்குக் கீழே புல்லைச் செதுக்கி, ஓர் ஆள் அகலத்துக்கு தீ தாண்டாதபடி வெறும் மண்ணாக நெருப்புக்கோடு போட்டார்.

"என்ன மாமா, மலைக்குச் சவரம் பண்றீங்களா?" என்று கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கேட்பார்கள்.

"ஆமா தாயி. ஒங்க வீட்டுக்காரருக்கும் பண்ணிவிடுறேன், வரச் சொல்லு."

புல்லைக் கொளுத்திய எங்கள் அப்பாவை அவர் துரையிடம் பிடித்துக் கொடுத்தார். துரை போட்ட உத்தரவில் எங்கள் பசு தோட்டத்தை விட்டே போயிற்று. அப்பா அதன்பின் அவரோடு பேசியதில்லை.

மூன்றாம் வருஷம் கன்றுகள் என் இடுப்புக்கு வந்திருந்தன. ஒரு மத்தியானம் அடிவாரத்தில் தீ பிடித்தது. யார் வைத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. காற்று அதை மேலே ஏற்றியது. முயல் ஒன்று எரிந்துகொண்டே ஓடி வந்து தேயிலைக்குள் விழுந்தது. கூடைகளைப் போட்டுவிட்டுப் பச்சைக் கிளைகளோடு மேட்டுக்கு ஓடினோம். அங்கே நெருப்புக்கோட்டில் நின்று காவல்கார மாமா, கையில் புல் பந்தத்தோடு, கோட்டுக்குக் கீழிருந்த புல்லைக் கொளுத்திக்கொண்டே போனார்.

"மாமாதான் தீ வைக்கிறாரு, மாமாதான்" என்று ஒரு பெண்குரல் கத்தியது.

அப்பாதான் முதலில் பாய்ந்தார். மண்வெட்டிக் காம்பால் மாமாவின் கையில் ஓங்கி அடித்தார். விறகு ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது, பந்தம் விழுந்தது. "காவல் இருக்கேன்னு சொல்லிட்டு ஊத்துக்கே தீ வைக்கிறியா?" என்று மற்றவர்கள் முகத்தில் மிதித்தார்கள். வாயெல்லாம் இரத்தம். அவர் துப்பிவிட்டு, "என்னய அப்பறம் அடிங்கடா. தீயக் கோட்டத் தாண்ட விடாதீங்க" என்றார்.

அப்போதுதான் கீழே பார்த்தோம். அவர் வைத்த தீ இறங்கிப்போய், ஏறி வந்த பெருந்தீயோடு முட்டியது. பனை உயரத்துக்கு எழும்பியது. அப்புறம் தின்னப் புல் இல்லாமல் இரண்டும் படுத்துவிட்டன. கன்றுகள் நின்றன. ஓங்கிய கால்கள் எப்போது இறங்கின என்று தெரியவில்லை.

துரை கேட்டதற்கு மாமா, "விழுந்துட்டேங்க" என்றாராம். அந்தக் கை பிறகு எழவேயில்லை. அடுத்த மாசியில் அப்பா அதே மண்வெட்டியோடு போய்க் கோடு செதுக்கினார். பீலியடியில் மாமாவுக்கு நான் குடம் தூக்கிவிடுவேன். "போதும் தாயி" என்பார். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பீலி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாயாம். கோடையிலும் தண்ணீர் வற்றவில்லை என்று போய்வந்த மகள் சொன்னாள். முறிந்தது வலது கையா, இடது கையா? எந்தப் பக்கம் நின்று குடம் தூக்கினேன் என்று நினைத்துப் பார்க்கிறேன், தடுமாறுகிறது. அங்கே பழைய ஆட்கள் இருந்தால் விசாரித்துத் திருத்தி அச்சில் போடுங்கள். கத்திய குரல் யாருடையது என்று மட்டும் விசாரிக்க வேண்டாம். அது என்னுடையது.