வெர்னாவின் இரண்டாவது கல்யாணம்

வெர்னா ஸ்டக்கி அடி வாங்கிப் பிழைத்தவள். எங்கள் ஈடன்டேல் ஊமைப்பட ஸ்டுடியோவில் கதாநாயகி மாடிப்படியில் உருள வேண்டுமென்றால், அதே கவுனும் பொய்முடியும் மாட்டிக்கொண்டு உருள்வது இவள்தான். உடை தைக்கிற எனக்கு அவள் முதுகுத் தழும்புகள் அத்தனையும் தெரியும். பாதி படத்தில் வாங்கியவை. மீதி, பேக்கர்ஸ்ஃபீல்டில் அவள் விட்டுவந்த புருஷன் ஆரின் கொடுத்தவை.

"இங்க சாயங்காலமானா அடிக்கிறத நிறுத்திடுவாங்கக்கா," என்பாள்.

அன்று எடுத்தது, மாமன் சொத்துக்காக முன்பின் தெரியாத இருவர் புருஷன் பெண்டாட்டியாக நடிக்கும் கதை. மணக்கோலத்தில் வெர்னா மேசைமேல் விழ வேண்டும். கேமரா ஓடியது. நடிகர்களுக்கு உற்சாகம் வர, பின்ஸ்கர் கிழவர் பிடிலில் துள்ளலாக வாசித்துக்கொண்டிருந்தார். எப்படித் தேடிக் கண்டுபிடித்தானோ, ஆரின் உள்ளே வந்தான்.

"நான் உசுரோட இருக்கறப்பவே இன்னொருத்தன் கேக்குதாடி உனக்கு?"

ஒரே குத்தில் மாப்பிள்ளை வேஷக்காரனுக்குப் பல் தெறித்தது. அடுத்த அறை வெர்னாவுக்கு.

"இவன் என் நிஜப் புருஷன்! கொன்னுடுவான், யாராவது புடிங்க!"

ஊமைப்படத்தில் யார் எதைக் கத்தினாலும் எவரும் காதில் வாங்குவதில்லை. காலையில் கதாநாயகன் காதல் வசனத்துக்குப் பதில் தன் மூல வியாதியைப் பற்றித்தான் புலம்பினான். டைரக்டர் ஹாஸ்கல், மாமன் வேஷத்துக்கு வரச்சொன்ன புது ஆள் இவன்தான் என்று நினைத்துவிட்டார்.

"பிரமாதம்யா! இன்னொண்ணு குடு! ஏம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி அழேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆரினை நான் பார்த்ததில்லை.

அவன் அவள் கையை முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்திலிருந்த பின்ஸ்கருக்குக் கேட்டிருக்கிறது. வாசிப்பதை நிறுத்தினார்.

அந்த நிசப்தத்தில் வெர்னாவின் குரல் தாழ்வாகக் கேட்டது. "ஆரின், விட்டுடு. செத்தாலும் உன்கூட வரமாட்டேன்."

அது நடிப்பில்லை என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. செட் போடும் தச்சர்கள் ஓடி வருவதற்குள், வெர்னா மேசையிலிருந்த, அடிதடிக் காட்சிக்கென்று சர்க்கரைப்பாகில் வார்த்த பொய்ப் பாட்டில்களை ஒதுக்கிவிட்டு, உண்மையான கண்ணாடிக் கூஜாவை மறுகையால் எடுத்து அவன் மண்டையில் இறக்கிவிட்டாள். ரத்தம் வெள்ளைக் கவுனெல்லாம் தெறித்தது.

விவாகரத்து வழக்கில் நீதிபதி அந்தப் படச்சுருளைப் போட்டுப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. தரையில் கிடந்த மாப்பிள்ளை வேஷக்காரனைக் காட்டி, "பாவம், இவர்தான் உன் புருஷனா?" என்றார்.

"இல்லைங்க ஐயா. கையை ஒடிக்கிறான் பாருங்க, அவன்."

மறுபடி ஓட்டச் சொன்னார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. படம் முடியும்வரைகூடக் காத்திராமல், விளக்கைப் போடச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.