ஒன்பது பை மிச்சம்

ஓவசியர் தில்லைநாதன் வேலைத்தலத்துக்கு வந்தால் முதலில் ஆட்களைப் பார்க்கமாட்டார், சாமான் கொட்டிலைத்தான் பார்ப்பார். ஆட்கள் பொய் சொன்னாலும் சாமான் சொல்லாது என்பது அவர் நினைப்பு. துருசுக்கான இரும்புக் கதவை எடுத்துவர மூன்று நாள் மல்லாவிப் பக்கம் அலைந்துவிட்டு, அன்று காலை வந்து கொட்டிலைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூலையில் ஒன்பது பை சீமெந்து கட்டுக் குலையாமல் அடுக்கியிருந்தது. அத்திவாரத்துக்குப் போக இருந்த பதினெட்டுப் பையும் சுவருக்கென்றே கணக்கு; அங்கே ஒரு பைகூட மிஞ்சியிருக்கக்கூடாது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஐப்பசி மாதம் அது. போர்க்காலத் தடையால் வன்னிக்குள் சீமெந்து கொண்டுவருவது அந்நாளில் லேசுப்பட்ட காரியமில்லை. தருமபுரத்துக்கு அப்பால் நாவலடிக் குளத்தின் துருசு, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு, இடிந்து இரண்டு மாரி கழிந்திருந்தது. அதைத் திருத்த ஒரு நிவாரண அமைப்பு எட்டு மாதம் நாயாய் அலைந்து நாற்பது பைக்கு அனுமதி வாங்கியது. நாற்பத்தோராவது பையை யாரும் கனவிலும் காணமுடியாது.

மேசன் வேலையை யோகநாதனிடமும் மண் வேலையைப் பழனியாண்டியிடமும் பிரித்துக் கொடுத்தவர் தில்லைநாதன்தான். ஓவசியர் வேலையென்றால் குடை பிடித்துக்கொண்டு நிற்பது என்று நினைப்பவர்கள், இப்படி இரண்டு கூட்டத்துக்கு நடுவில் ஒரு கிழமை நின்று பார்க்கட்டும். பிந்தினால் மேசன் மண்காரரைக் காட்டுவான், மண்காரர் மேசனைக் காட்டுவார்கள். இந்தத் தடவை பிந்துவதற்கே இடமில்லை. துருசு வைப்பதற்காகக் குளக்கட்டைப் பதினைந்து முழ அகலத்துக்கு வெட்டித் திறந்திருந்தார்கள். மழை பிடித்துக் குளம் ஏறினால் தண்ணீர் அந்த வாயால் பாயும். பாய்கிற பாதையில் முதலில் இருந்தவை பழனியாண்டியின் ஆட்களுடைய குடிசைகள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள் அவை.

குளக்கட்டை வெட்டிய வாயில் துருசுச் சுவர் எழும்பி நின்றது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. யோகநாதன் சிரித்த முகத்தோடு வந்தான்.

"ஒன்பது பை மிச்சம் பிடிச்சிட்டன் அண்ணை. பள்ளிக்கூடத்துக் கிணத்துக்கு ஆகும்."

"என்ன கலவை போட்டனி?"

"எட்டு மணலுக்கு ஒரு சீமெந்து. இப்ப எல்லா இடமும் அப்பிடித்தானே போடுறம்."

அவன் களவு செய்யவில்லை. களவென்றால் தில்லைநாதனுக்குச் சுகமாயிருந்திருக்கும், கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார். ஏழு வருஷமாக ஒரு பையை நாலாகப் பிரித்து மருந்து மாதிரிக் கலந்து கலந்து அவன் கை அப்படிப் பழகிவிட்டது. கொஞ்சமாகப் போடுகிறவன்தான் நல்ல மேசன் என்று ஊரே அவனை மெச்சியது. போதாததற்கு, "ஒரு கை சீமெந்தும் வீணாகக்கூடாது" என்று புறப்படும்போது சொல்லிவிட்டுப் போனவரும் இவரேதான். தண்ணீர் தாங்கும் சுவருக்கு நாலுக்கு ஒன்று என்று சொல்ல அந்த வாய்க்கு வரவில்லை.

அவர் ஓர் ஆணியை எடுத்துக் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் கீறினார். சாந்து பொலபொலவென்று கொட்டியது. அவர் கையசைத்ததும் மண் கொட்டப் பழனியாண்டியின் ஆட்கள் தாச்சிச் சட்டிகளோடு காத்து நின்றார்கள்.

இரண்டு பக்கமும் மண் போட்டு மூடிவிட்டால் வேலை நாளையே முடியும், யாருக்கும் தெரியாது. உடைத்துக் கட்டினால் நாலு நாள் கட்டு வாய் திறந்து கிடக்கும். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மூடச் சொல்லிக் கையை உயர்த்தக்கூடச் செய்தார். கீழே ஒரு குடிசை வாசலில் யாரோ பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. உயர்த்திய கையை இறக்கிப் பழனியாண்டியைக் கூப்பிட்டார்.

"சுவர் கூடாது, பழனியாண்டி. உடைக்கவேணும். பிழை என்ரை வாயிலை."

பழனியாண்டி வானத்தைப் பார்த்தார். "நாலு நாளு அது குடுக்காதுங்க ஐயா. எங்க புள்ளைங்க கீழ கெடக்குதுங்க."

"குளத்துக்குள்ளை அரைவட்டமாய் ஒரு தடுப்பு அணை போட்டால் தாங்கும். சாக்கிலை மண் நிரப்பித்தான் போடவேணும். சாக்குக்கு எங்கை போறது?"

மண் சுமந்துகொண்டு நின்ற பழனியாண்டியின் மனைவி சுப்பம்மா தாச்சியை இறக்கி வைத்தாள்.

"எங்க வூட்டுச் செவுரே சாக்குத்தானுங்களே," என்றாள்.

நிவாரணத்தில் கிடைத்த கோதுமை மாச் சாக்குகளை வெட்டி விரித்துத்தான் அந்தக் குடிசைகளுக்கு மறைப்புக் கட்டியிருந்தார்கள். பெண்கள் போய் அவற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள், குந்தியிருந்து திரும்பவும் சாக்காகத் தைத்தார்கள். பொழுது சாயுமுன் குடிசைகள் வெறும் கம்புகளாக நின்றன. அந்தக் காட்சியை நிமிர்ந்து பார்க்கத் தில்லைநாதனுக்குத் தெம்பில்லை.

சுவரை உடைக்க ஒரு பகல் போகும் என்றிருந்தார்கள். யோகநாதன் அலவாங்குக் கம்பியால் இரண்டு தரம் இடித்தான், பிறகு அதை எறிந்துவிட்டுக் கையாலேயே கற்களைக் கழற்றினான். ஒரு மணித்தியாலம் செல்லவில்லை. கடைசிக் கல்லைக் கழற்றியதும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவனை ஒருவரும் ஏசவில்லை.

ஒன்பது பையில் சுவர் நெஞ்சளவுக்குத்தான் வரும். அந்த வருஷம் குளத்தில் அரைவாசித் தண்ணீர், பாதி வயல் என்று ஆனது. கலவைத் தட்டைவிட்டுத் தில்லைநாதன் அசையவில்லை, நாலு தாச்சி மணலை வாய்விட்டு எண்ணினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை இறங்கியது. குளம் ஏறிச் சாக்கு அணையைத் தொட்டது, பிறகு முழங்காலளவு வந்தது. இரண்டு இடத்தில் கசிந்தது. பழனியாண்டியின் ஆட்கள் தோளால் சாக்குகளை முட்டுக்கொடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நிற்க, மறுபக்கம் யோகநாதன் கடைசி இரண்டு வரிசையையும் கட்டினான். ஐந்தாம் நாள் மழை விட்ட இடைவெளியில் மண்ணை நிரப்பித் திமிசுபோட்டு இறுக்கி வாயை மூடினார்கள். துருசு நின்றது.

மறுநாள் தில்லைநாதன் குடிசைப் பக்கம் இறங்கிப் போனார். சுப்பம்மா ஓலைத் துண்டு ஒன்றைக் கம்பில் கட்டிக்கொண்டிருந்தாள். நனைந்த பாயில் இரண்டு பிள்ளைகள் இருமிக்கொண்டு கிடந்தார்கள்.

"ஐயா, ஒண்ணு கேக்கவா?" என்றாள். "அந்தப் பழைய செவுத்த அப்படியே மூடியிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"முதல் உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்."

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு அது ஆறவில்லை.

"மூடுவம் எண்டுதான் முதலிலை நினைச்சனான், சுப்பம்மா. கையும் தூக்கினனான்."

சுப்பம்மா கட்டிக்கொண்டிருந்த முடிச்சை விட்டுவிட்டு அவரை நேரே பார்த்தாள்.

"சாந்து கொட்டுனதையும் கை தூக்குனதையும் நாங்களும் பாத்தோங்க," என்றாள். "நீங்க கைய எறக்குற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு வுடல."