அக்கா அடுக்கிய தட்டு

கொதிக்கிற எண்ணெயில் காய்ந்த மிளகாய் பொரியும் வாசனை மூக்கில் ஏறினால் இப்போதும் எனக்கு முதலில் பசி வருகிறது, அடுத்த நிமிடமே கோபம் வருகிறது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஹோட்டலில் பத்தரை மணிக்கு இரண்டாவது தடவையாகப் பருப்பு வடை போடுவார்கள். மாதத்தில் ஒரு நாள், சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, பசறைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, மார்க்கெட்டில் சாமான் வாங்கி முடித்து, காலைச் சாப்பாட்டையும் பகல் சாப்பாட்டையும் சேர்த்து அங்கே ஒரே தடவையாகச் சாப்பிடுவோம். அப்பா அதற்கு "ரெண்டு வேளைச் சாப்பாடு" என்று பெயர் வைத்திருந்தார். இன்றைக்குப் பெரிய ஹோட்டல்களில் அதையே "பிரன்ச்" என்று விளம்பரம் போடுகிறார்கள்.

அக்காவுக்கு அப்போது பதினொரு வயது, எனக்கு ஒன்பது. அவள் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டாள், சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள், பேசினால் இரண்டு வார்த்தை, அதுவும் நாங்கள் முதலில் சொன்னதையே திருப்பிச் சொல்வாள். ஓட்டிசம் என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வந்து சேர இன்னும் பல வருடங்கள் இருந்தன. "சாமி குத்தம்" என்றார்கள், "மந்திரிச்சா சரியாப் போயிரும்" என்றார்கள், "பெரிய மனுசி ஆனா தெளிஞ்சிரும்" என்றார்கள், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் சுருக்கமாக "லூசு" என்றார்கள். ஆனால் சம்பள ஞாயிறு மட்டும் அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். எங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, குளித்து, பஸ் நிற்கிற வளைவில் போய்த் தனியாக நின்றுகொண்டிருப்பாள்.

அந்தக் காலத்து ஹோட்டல்களில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள். பருப்பு வடை, உளுந்து வடை, ரோல்ஸ், மீன் வைத்த பணிஸ் எல்லாம் அதில் இருக்கும். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போய்விடும். அக்காவுக்கு அந்தத் தட்டுதான் உலகம். வட்டமானதை ஒரு வரிசை, நீளமானதை ஒரு வரிசை, ஓட்டை உள்ளதை ஒரு வரிசை என்று அடுக்கி முடித்த பிறகுதான் ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கடிப்பாள். அதற்கு முன்னால் பசியில் வயிறு சுருண்டாலும் வாயில் ஒன்றும் வைக்க மாட்டாள். அடுக்கும்போது அவள் முகத்தில் வருகிற நிம்மதியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஹோட்டல் முதலாளி, காத்தான்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட ஒரு முஸ்லிம் நானா, எங்களுக்கென்று மூலை மேசையை விட்டுவைப்பார், அக்கா தொட்ட தட்டை வேறு மேசைக்கு அனுப்ப மாட்டார்.

ஒரு சம்பள ஞாயிறன்று பரிமாறியவர் புதியவர், அவருக்கு இது தெரியாது. அக்கா அடுக்கி முடிக்கிற நேரத்தில் எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயா, எங்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்கிறவர், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் உள்ளே வந்தார். அப்பா சட்டென்று எழுந்து நின்றார். தோட்டத்தில் அப்படித்தான், ஐயாவைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும். ஆனால் இது பதுளை டவுன், நாங்களும் அவர்களைப் போலவே சாப்பிட வந்தவர்கள் என்று அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. அம்மா எழுந்தாள், என்னையும் தோளைப் பிடித்து எழுப்பினாள். உட்கார்ந்திருந்தது அக்கா மட்டும்தான். அந்தச் சந்தடியில் பரிமாறுகிறவர் எங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஐயாவின் மேசையில் வைத்தார்.

அக்கா தட்டின் பின்னாலேயே போனாள். ஐயா ஒரு உளுந்து வடையை எடுத்து ஒரு வாய் கடித்திருந்தார். அவள் போய், அவர் முகத்தைப் பார்க்காமலே, அவர் கையிலிருந்த பாதி வடையை எடுத்து வரிசையில் அது இருந்த இடத்திலேயே வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை.

ஐயாவின் மனைவி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஐயா அக்காவைத் திட்டவில்லை. அப்பாவைப் பார்த்து, சாதாரணக் குரலில், "இதையெல்லாம் எதுக்கு டவுனுக்குக் கூட்டிட்டு வர்ற?" என்று கேட்டார்.

அப்பா ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் தட்டின் விளிம்பை விடவில்லை. அப்பா அடித்தார். அதுவரை அவளை அவர் அடித்ததே இல்லை. அன்றைக்கும் அவள் செய்ததற்காக அடிக்கவில்லை, ஐயா பார்க்க வேண்டும் என்று அடித்தார். அக்கா போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து, "உடுங்க, புள்ள தானே. வேற தட்டு ஒண்டு வெக்கச் சொல்றேன்" என்றார். அந்த ஒரு மனிதரின் பேச்சை அப்பா காதிலேயே வாங்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஐயாவிடம் சொன்னார்: "தப்பா நெனச்சிக்காதீங்க ஐயா. இனிமே இதக் கூட்டிட்டு வரமாட்டேன்."

ஐயா சொன்ன "இது" எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. பெற்றவர் வாயிலிருந்து வந்ததுதான் இன்றைக்கும் எரிகிறது. திரும்பி வந்த பஸ்ஸில் அப்பா, எல்லாருக்கும் முன்னால் மானம் போய்விட்டது என்று புலம்பிக்கொண்டே வந்தார். வளைவில் இறங்கும்போது அம்மா, "புள்ள காலையிலருந்து வெறும் வயித்தோட இருக்கா. ஒங்க மானம்தான் பெருசாப் போச்சு" என்றாள்.

அடுத்த சம்பள ஞாயிறன்று அக்கா வழக்கம்போல் வளைவில் போய் நின்றாள். அப்பா அவளைத் திருப்பிக் கூட்டிவந்து, லயத்து அறைக்குள் ஒரு கோப்பைச் சோற்றோடு உட்கார வைத்து, "பூட்டிட்டுப் போறோம், சத்தம் போடாத" என்று சொல்லிக் கதவை வெளியே பூட்டினார். பஸ் வந்து ஏறுகிற வரைக்கும் அவள் கதவைத் தட்டுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஹோட்டலில் யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கலைந்து கிடந்த தட்டிலிருந்து எனக்குப் பிடித்ததையெல்லாம் எடுத்துச் சாப்பிட்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று இதைக் கேட்டவர்கள் சொல்வார்கள். எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

அந்தக் கணக்கப்பிள்ளை ஐயா இரண்டே வருடத்தில் மொனராகலைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். அப்பாவின் மனதை விட்டு அவர் கேட்ட கேள்விதான் போகவில்லை. குடிக்க மாட்டேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை ஒரு வாரம் காப்பாற்றாத மனிதர், ஐயாவுக்குக் கொடுத்த வாக்கைச் சாகிற வரைக்கும் காப்பாற்றினார். அப்பாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது, இந்தக் கட்டுரையில் அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. அக்கா எத்தனையாவது மாதம் கதவைத் தட்டுவதை நிறுத்தினாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பதுளையில் என் வாடகை வீட்டில் அக்கா என்னோடு இருக்கிறாள். அந்த ஹோட்டல் இருந்த இடத்தில் போன் கடை வந்துவிட்டது. மேசைக்கு மேசை போகிற தட்டும் போய்விட்டது, எல்லா இடத்திலும் மெனு அட்டையைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனிதர்களும் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். போன மாதம் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலில் போய் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அங்கிருந்த இளம் மேனேஜர், "தாராளமாக் கூட்டிட்டு வாங்க, தட்டு நெறய வச்சித் தர்றோம்" என்றார்.

ஞாயிறு காலை அவளுக்குத் தலை வாரி, புதுச் சட்டை போட்டு, செருப்பு மாட்டிவிட்டேன். நான் கைப்பையை எடுக்கிறதைப் பார்த்ததும் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், உள் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பூட்டிட்டுப் போ" என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, பூட்ட மாட்டேன், உன்னையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தபடி, நான் ஏதோ மறந்துவிட்டவள் மாதிரி, பொறுமையாக மறுபடியும் சொன்னாள்: "பூட்டிட்டுப் போ. சத்தம் போட மாட்டேன்."