ஊதச் சொல்லி ஆள் எடுத்தேன்

கொல்லிமலையில் குடியை விட வருகிறவர்களுக்காக ஒரு காட்டு முகாம் நடந்தது. ஒரு வாரம் காட்டு நடை, கூடாரத் தூக்கம், கவுன்சலிங். 1999 முதல் ஐந்து வருடம் அதற்கு அட்மிஷன் பார்த்தவன் நான்.

முதல் விதி, குடித்துவிட்டு வந்தால் இடமில்லை. மலைமேல் செம்மேட்டில் இருந்த முகாம் ஆபீஸில் ஆளை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பேன். வாடை இல்லையென்றால் சேர்க்கைப் பாரத்தில் டிக். பெரிய பரிசோதனை செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

பேளுக்குறிச்சியில் பஞ்சர் கடை வைத்திருந்த சண்முகத்தை அவர் மனைவி சாந்தி கூட்டி வந்தார். ஊதினார். வாடையே இல்லை.

"பரவால்லீங்களே, எப்ப நிறுத்துனீங்க?"

சாந்திதான் பதில் சொன்னார். "முந்தாநேத்துலருந்து தொடலீங்க. குடிச்சிருந்தா சேக்க மாட்டீங்கன்னாங்க, ஊட்டுக்குள்ள போட்டுப் பூட்டிட்டனுங்க. பன்னெண்டு வருசமா ஒரு நாளு விடாம குடிச்ச மனுசன். ரெண்டு நாளாத் தூக்கமே இல்லீங்க. கை நடுங்குதுங்க, பாருங்க."

"நான் தும்முனாலே இவ ஒப்பாரி வெப்பாளுங்க" என்று சண்முகம் சிரித்தார்.

பார்த்தேன். கையெழுத்துப் போட அவர் கையில் பேனா நிற்கவில்லை. "மலைக் குளிருங்க, எல்லாருக்கும் நடுங்கும்" என்று சொல்லி டிக் போட்டேன்.

மறுநாள் காலை அருவிக்கு இறங்கும் வழியில், சட்டையில் இல்லாத எறும்பைத் தட்டிக்கொண்டே வந்தார். திடீரென்று வலிப்பு வந்து பாறையில் விழுந்தார். நாக்கு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். ஜமுக்காளத்தில் கிடத்தி ரோடு வரை தூக்கி வந்தோம். ஜீப் மலை இறங்குவதற்குள் இன்னும் இரண்டு முறை வலிப்பு வந்தது.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கத்தினார். "தினம் குடிக்கிறவன் திடுதிப்புன்னு நிறுத்துனா உசுரே போகும்யா! மொதல்ல ஆஸ்பத்திரி, அப்புறந்தான் காடு. உன்னை எவன்யா ஆள் எடுக்க வெச்சான்?"

சாந்தி பஸ் பிடித்து ஓடி வந்தார். "பொழச்சுக்குவாருங்களா?"

பழி என் மேல் வந்துவிடும் என்ற பயம். "நடுக்கம் இவ்வளவுன்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணுமுங்க" என்றேன்.

"தப்புதானுங்க சார். எனக்குச் சொல்லத் தெரியலீங்க" என்று கும்பிட்டார்.

அதோடு விடவில்லை. 'குடும்பத்தார் தகவலை மறைத்தனர்' என்று ரிப்போர்ட்டும் எழுதினேன்.

நான்காம் நாள் சண்முகம் கண் விழித்துப் பேசினார். அதற்குப் பிறகு விதியை மாற்றினோம். தினமும் குடிப்பவர் டாக்டர் பார்வையில் குடியை நிறுத்தி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வந்தால்தான் மலையேறலாம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, கூட வந்தவர் பேசும்போது பேனாவைக் கீழே வையுங்கள். பாரத்தில் கேட்காததைத்தான் அவர் சொல்வார்.

சாந்தியைப் பிறகு ஒருமுறை சந்தையில் பார்த்தேன். "அன்னைக்கு என்னால உங்களுக்குத்தாங்க கெட்ட பேரு" என்றார். தப்பு என்னுடையது என்று சொல்லாமலே நடையைக் கட்டினேன். அவர் இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார்.